இடம் இருந்தும் பத்தாத ஸ்டோர் ரூம்: வீட்டாரே செய்த ஒரு சீரமைப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து பேர் உள்ள வீடு: கணவன், மனைவி, கணவனின் அம்மா (இனி அத்தை), பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சமையலறையை ஒட்டினாற்போல் ஒரு ஸ்டோர் ரூம். அகலம் 156 செ.மீ.; கதவிலிருந்து பின்சுவர் வரை 130 செ.மீ. பின்சுவர் முழுக்க ஐந்து தட்டுகள் இருந்தன. எல்லாம் 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), ஒவ்வொன்றும் 60 செ.மீ. ஆழம். பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் அடித்த ரீப்பர்மேல், அதாவது மெல்லிய மரச்சட்டத்தின்மேல், பலகை உட்கார்ந்திருந்தது. முன் விளிம்பைத் தாங்க எதுவும் இல்லை. வீட்டை இவர்கள் வாங்கும்போதே இந்தத் தட்டுகள் இருந்ததால், யாரும் அவற்றைப் பற்றி யோசித்ததில்லை.

புகார் ஒன்றுதான்: இடம் பத்தவில்லை. பரணில் இன்னும் இரண்டு தட்டு அடித்தால் சரியாகிவிடும் என்பது கணவனின் எண்ணம். ஒரே மாதிரி டப்பாக்கள் வாங்கி அடுக்கினால் போதும் என்பது மனைவியின் எண்ணம். அந்த அறையை அதிகம் புழங்குகிற அத்தையிடம் இருவரும் கேட்டிருக்கவில்லை. வேலையை வீட்டாரே செய்வதென்று முடிவாகியிருந்தது. கணவனிடம் ட்ரில், ரசமட்டம், வட்டரம்பம் எல்லாம் உண்டு. கையில் பழக்கமும் கொஞ்சம் உண்டு. மரவேலை தெரிந்தவன் என்ற முறையில் அளவெடுக்கும்போதும் துளையிடும்போதும் நான் கூட இருந்தேன். பிறகும் அவ்வப்போது போய்ப் பார்த்தேன்.

காலி செய்தபோது கண்டவை

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். பொருள் உள்ளே இருக்கும்போது எடுக்கிற அளவுக்கு மதிப்பில்லை. சாப்பாட்டு மேஜையும் கூடத்துத் தரையும் நிறைந்தன. சர்க்கரைப் பொட்டலம் மூன்று, மூன்றும் பிரித்தவை. ஒரே மாவு நான்கு பையில் நான்கு அளவில். தேதி முடிந்த டின்கள், கெட்டிப்பட்டுப் போன உப்பு, வாங்கியதே நினைவில் இல்லாத பாட்டில்கள். பரப்பி வைத்ததைப் பார்த்த மனைவி, “இதெல்லாம் நம்ம வீட்டிலதான் இருந்ததா அத்தை?” என்று கேட்டார். “முன்னாடி இருக்கிறதுதான் என் கண்ணுக்குத் தெரியும். பின்னாடி இருக்கிறதை எடுக்க நான் என்ன தட்டுக்குள்ளயா ஏற முடியும்?” என்றார் அத்தை.

எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. 60 செ.மீ. ஆழத்தில் பொருள்கள் மூன்று, நான்கு வரிசையாகப் போய்விடும். முதல் வரிசை புழங்கும். இரண்டாவது வரிசை எப்போதாவது வெளிச்சம் பார்க்கும். அதற்குப் பின்னால் இருப்பது மறந்துபோகும். மறந்த பொருளைத் திரும்ப வாங்குவார்கள். அது முன் வரிசையில் வந்து உட்காரும், பழையது இன்னும் ஒரு படி பின்னால் போகும். அறையில் இடம் இருந்தது; அந்த இடம் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை.

காலித் தட்டுகளில் வேறு சில விஷயங்களும் தெரிந்தன. முன் விளிம்பின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்துப் பார்த்தோம். அரிசி, எண்ணெய் இருந்த தட்டு நடுவில் 28 மி.மீ. தொய்ந்திருந்தது. சுமையை இறக்கிய பிறகும் அது முழுதாக நிமிரவில்லை. பார்ட்டிகிள் போர்டின் இயல்பு அது: மாதக்கணக்கில் ஒரே பாரத்தைத் தாங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகும், வளைந்தது நிரந்தரமாகிவிடும்.

பூச்சி இரண்டு வகை. அரிசிப் பையில் கூன்வண்டு. இது அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு அந்தத் துளையை மூடிவிடும். வெப்பமான காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை மணியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மேல் தட்டில் மூலையில் கிடந்த கொட்டைப் பருப்புப் பொட்டலத்தில் அந்துப்பூச்சி. பொட்டலத்தின் உள்ளே தூள் ஒட்டிய நூலாம்படை. பிளாஸ்டிக்கில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். இந்தப் புழு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைத்துவிடும். கூடு கட்டும் பருவம் வந்ததும் உணவைவிட்டு ஊர்ந்து போய் சுவரும் கூரையும் சேரும் மூலை, தட்டின் அடிப்பக்கம், ஆணித்துளை, மூடியின் மரை என்று எங்காவது ஒண்டிக்கொள்ளும். ஒரு ஜாடியின் மூடியைத் திருகித் திருப்பிப் பார்த்தபோது மரைச் சுற்றுக்குள் வெள்ளையாக இரண்டு கூடுகள் இருந்தன. மூடி இறுக்கமாகத்தான் மூடியிருந்தது. உள்ளே ரப்பர் வளையம் இல்லாத மரை மூடி இதற்குத் தடையே இல்லை.

இடச் சுவரின் கீழ்ப்பகுதியில் பூச்சு கறுத்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

கறுத்த இடத்தில் பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து சுவரில் படிகிறதா என்று தெரியாமல் எதைச் செய்தாலும் வீண். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் ஈரமானால் அது சுவரிலிருந்து வருவது.

மூன்று இடங்களில் ஒட்டினோம். பின்சுவரில் ஒட்டியது இருபுறமும் காய்ந்திருந்தது. வலச் சுவரிலும் அப்படியே. இடச் சுவரில் ஒட்டியதை உரித்தபோது சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றது. குளியலறையில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் டைல் இடுக்குப் பூச்சு பெயர்ந்து போயிருந்தது. குளிக்கும் தண்ணீர் அதன் வழியே நாள்தோறும் இறங்கிக்கொண்டிருந்தது.

இடுக்கைச் சுரண்டிப் புதிதாகப் பூசியது ஒரு நாள் வேலை. ஆனால் நாள்பட நனைந்த செங்கல் சுவர் உடனே காயாது, மாதக்கணக்கில் ஆகும். எனவே இடச் சுவரில் எதையும் மாட்டுவதில்லை, எதையும் ஒட்டி வைப்பதில்லை, உதிரும் பூச்சைச் சுரண்டிவிட்டு அப்படியே மூச்சுவிட விடுவது என்று முடிவாயிற்று. அந்தச் சுவரிலும் தட்டு அடித்தால் இடம் இரட்டிப்பாகும் என்று கணவனுக்கு ஆசைதான். ஈரச் சுவரில் பலகை அடித்தால் அதன் முதுகில் பூஞ்சை பிடிக்கும். பொருள் அடுக்கியிருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. இதைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு சின்ன விஷயம். வலச் சுவரின் மறுபக்கம் ஃப்ரிட்ஜின் முதுகு. வெப்பமானியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்ததில் வலப்பக்கம் இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தது. எண்ணெய் பாட்டில்கள் இதுவரை இருந்தது அந்த மூலையில்தான். சூடும் வெளிச்சமும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, இருக்கிற தட்டுகளை வைத்துக்கொண்டு நல்ல டப்பாக்களை மட்டும் வாங்குவது. வேலை குறைவு, ஆனால் டப்பாக்களும் நான்கு வரிசையாகத்தான் நிற்கும். இரண்டாவது, ஆழத் தட்டுகளுக்குள் இழுக்கும் தட்டு பொருத்துவது. அலமாரிக்கு அது அருமையான ஏற்பாடு. இங்கே 60 செ.மீ. தட்டை முழுதாக வெளியே இழுத்தால், எதிரே ஆள் நிற்க 10 செ.மீ.தான் மிஞ்சும். கணக்கில் உதைத்தது. மூன்றாவது, பழையதைக் கழற்றிவிட்டு ஆழத்தைப் பாதியாக்குவது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். பின்சுவரில் 30 செ.மீ. ஆழத்தில் ஏழு தட்டுகள். வலச் சுவரில் 90 செ.மீ. நீளத்துக்கு 18 செ.மீ. ஆழத்தில் ஆறு தட்டுகள். ஈரச் சுவரைத் தொடாமல் இருக்கப் பின் அடுக்கின் நீளத்தை 150 செ.மீ. ஆக்கி, இடப்பக்கம் இடைவெளி விட்டோம். கூட்டிப் பார்த்தால் பழைய தட்டுகளின் பரப்பு 4.68 சதுர மீட்டர், புதியது 4.12. அதாவது எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இடம் போகிறது. இடம் பத்தவில்லை என்று ஆரம்பித்த வேலையில் இடத்தையே குறைப்பதா என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. மேஜைமேல் கிடந்ததில் தூக்கி எறிய வேண்டியதையும் இரட்டிப்பாக இருந்ததையும் ஒதுக்கிவைத்து மீதியைக் காட்டினோம். அதற்கு ஏழு தட்டு தாராளமாகப் போதும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தட்டுக்குத் தட்டு இடைவெளியை ஒரே அளவாக வைக்கவில்லை. ஒவ்வொரு உயரத்திலும் எது நிற்கப் போகிறதோ அதன் உயரத்தோடு 4 செ.மீ. கூட்டினோம். அதைவிடக் குறைந்தால் கையை விட்டுத் தூக்க முடியாது. அதைவிடக் கூடினால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கத் தோன்றும். அடித்தட்டுக்குக் கீழே மட்டும் அரிசிப் பீப்பாய் நிற்பதற்காக 45 செ.மீ. விட்டோம். இடுப்பிலிருந்து கண் மட்டம் வரை உள்ள தட்டுகள் அத்தைக்கு. அவரை நிற்கவைத்து, சிரமமில்லாமல் எட்டும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். கனமானவை கீழே, எப்போதாவது எடுக்கும் லேசானவை மேலே.

பலகைக்கு 18 மி.மீ. ப்ளைவுட். இதில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுத் தட்டுகள் தொய்வதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் தரம் அல்ல, தாங்கல் இல்லாத நீளம். அடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகப் பாரம் இருக்கும்போது, தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகும். பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால்கூட எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே கனமான பலகை தேடுவதைவிட நடுவில் செங்குத்தாக ஒரு நிலைப்பலகை வைப்பது புத்திசாலித்தனம். 150 செ.மீ. அடுக்குக்கு இரு முனையிலும் நடுவிலும் நிலைப்பலகை வைத்ததில் ஒவ்வொரு தட்டின் இடைவெளியும் 72 செ.மீ. ஆயிற்று. ஒரு லிட்டர் அரிசி ஏறக்குறைய 800 கிராம். 72-க்கு 30 செ.மீ. தட்டில் ஒரு சாண் உயர டப்பாக்கள் நிறைந்தால் 30 கிலோவைத் தொடும். கண்ணாடி ஜாடி என்றால் ஜாடியின் எடை தனி. கனமான மூன்று தட்டுகளுக்கு முன் விளிம்பில் 40 மி.மீ. உயரச் சட்டம் ஒட்டி ஸ்க்ரூ போட்டோம். அது பலகையை நிமிர்த்திப் பிடிக்கும், டப்பா முன்னால் நழுவாமலும் தடுக்கும்.

உயரம் மாற்றிக்கொள்ளும்படி வரிசையாகத் துளை போட்டு ஊசி செருகும் முறை வேண்டாம் என்று விட்டோம். அந்துப் புழு கூடு கட்ட அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. ரீப்பர் அடித்து நிலையான தட்டு. இடுக்குகளைப் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட்டால் அடைப்பது. சிலிகானில் பெயின்ட் பிடிக்காது.

டப்பாக்களைக் கடைசியாக வாங்குவது என்பதும் ஒரு முடிவு. மனைவிக்கு இது பிடிக்கவில்லை. பார்த்து வைத்திருந்த செட் ஒன்று இருந்தது. தட்டு உயரம் தெரியாமல் டப்பா வாங்கினால், பிறகு டப்பாவுக்காகத் தட்டை மாற்ற நேரும். அப்புறம் அந்தச் செட் வட்ட டப்பா. வட்டம் தன்னைச் சுற்றிய சதுரத்தில் 78.5 சதவீதத்தைத்தான் பயன்படுத்தும். மீதி மூலைகளில் காற்று. சதுர டப்பா என்று முடிவாயிற்று.

வேலை நடந்த விதம்

பூச்சியை ஒழித்த பிறகே மரவேலை. புழுத்ததைக் கட்டி வெளியே போட்டார்கள். நல்லதாகத் தெரிந்த தானியங்களும் மாவும் சிறு பைகளாகக் கட்டப்பட்டு ஃப்ரீசருக்குப் போயின. மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். பெரிய பையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும் என்பதால்தான் சிறு பை. ஃப்ரீசரில் ஒரே நடையில் எல்லாம் கொள்ளாது. முறை வைத்து நடந்தது. பூச்சிமருந்து அடிக்கவில்லை. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் அறையில் அது வேண்டாம், மூடிக்குள் ஒளிந்த கூட்டை அது எட்டவும் எட்டாது. வேக்குவம் கிளீனரின் மெல்லிய மூக்கால் மூலை மூலையாக உறிஞ்சி, உறிஞ்சிய பையை உடனே வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டார்கள்.

பழைய தட்டுகளைக் கழற்றியபோது பின்சுவர் நேராக இல்லை என்று தெரிந்தது. நடுவில் 11 மி.மீ. முன்னால் தள்ளியிருந்தது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்களில் எடுத்தோம். மூன்றும் வேறு வேறு. எந்த வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், ஒரே இடத்தில் அளந்து பலகை அறுக்கிறவர்தான் பிறகு சுவரைத் திட்டுவார். நிலைப்பலகைகளின் பின் விளிம்பை அட்டையில் வார்ப்பெடுத்துச் சீவிப் பொருத்தினோம். தட்டுகளுக்குப் பின்னால் விழுந்த இடைவெளியைப் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டி வைத்து மூடினோம். இல்லாவிட்டால் சிந்துகிற தானியமெல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும்.

துளையிடுவதற்கு முன் கரண்ட் வயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வலச் சுவரில் கதவருகே ஸ்விட்ச் போர்டு. வயர் பெரும்பாலும் போர்டிலிருந்து நேர் மேலாகவோ நேர் கிடையாகவோதான் ஓடும். டிடெக்டரை ஓட்டி, மேலே போகும் தடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அதற்கு இரு பக்கமும் ஒரு சாண் தூரம் துளை போடாமல் விட்டோம்.

முதல் ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் உறை) கையோடு வந்துவிட்டது. 35 மி.மீ. ஸ்க்ரூவைக் கணவன் போட்டிருந்தார். அந்தச் சுவரில் பூச்சே 20 மி.மீ. கனம். பிளக்கின் பெரும்பகுதி செங்கலைத் தொடவே இல்லை, பூச்சில் நின்றுகொண்டிருந்தது. ட்ரில் இறங்கும்போது விழும் தூளைப் பார்த்தாலே இது தெரியும். முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சுத் தூள் வரும். பிறகு கை கொஞ்சம் கனத்து, சத்தம் மாறி, சிவப்பாகச் செங்கல் தூள் வர ஆரம்பிக்கும். சிவப்புத் தூள் வந்த பிறகு 45 மி.மீ. உள்ளே போக வேண்டும். 8 மி.மீ. பிளக்கும் 70 மி.மீ. ஸ்க்ரூவுமாக மாற்றிய பிறகு ஒன்றும் அசையவில்லை. நிலைப்பலகைகளின் தலையையும் எல் ஆங்கிளால் சுவரோடு பிடித்தோம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அடித்தட்டில் காலை வைத்து ஏறத்தான் செய்வார்கள். அடுக்கு முன்னால் சாயக் கூடாது.

விளக்கு வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். பழைய பல்பு கதவுக்கு மேலே இருந்ததால், உள்ளே நிற்பவரின் நிழலே தட்டில் விழும். நிலைப்பலகையின் முன் விளிம்பில் எல்.இ.டி. பட்டை வந்த பிறகு அடித்தட்டின் மூலைவரை வெளிச்சம். அத்தைக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்தது அதுதான்.

பெயின்டில் ஒரு சறுக்கல். உப்புத்தாள் தேய்த்து, அறுத்த விளிம்புகளுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கை, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கை. சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிட்டது. தொட்டால் ஒட்டாது என்பது வேறு, முழுதாக இறுகுவது வேறு. இறுக இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். உறவினர் வருகிறார்கள் என்று ஒரு தட்டில் மட்டும் அவசரமாகக் கண்ணாடி ஜாடிகளை அடுக்கிவிட்டார்கள். பிறகு எடுத்தபோது ஜாடியோடு பெயின்ட்டும் வட்ட வட்டமாக உரிந்து வந்தது. அந்தத் தட்டைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

மற்றத் தட்டுகளில் எப்போது பொருள் வைக்கலாம் என்பதை அத்தை முடிவு செய்தார். ஒரு கிண்ணத்தில் மாவைப் போட்டுத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். மறுநாள் எடுத்து முகர்ந்து பார்ப்பார். மாவு சுற்றியிருக்கும் வாசனையைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும் பொருள்; பெயின்ட் வாடை ஏறியிருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். கருவி எதுவும் இல்லாத இந்தச் சோதனை, பெயின்ட் டப்பாவில் அச்சடித்திருக்கும் மணிக்கணக்கைவிட நம்பகமாக இருந்தது.

அடுக்கிய முறை

விதி ஒன்றுதான்: எந்தத் தட்டிலும் ஒரு பொருளுக்குப் பின்னால் வேறு பொருள் நிற்கக் கூடாது. அதே பொருளின் அடுத்த பாக்கெட் நிற்கலாம். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். 18 செ.மீ. தட்டுகளில் டின்னும் சிறு பாட்டிலும் ஒற்றை வரிசை. எண்ணெய் ஃப்ரிட்ஜ் சுவரிலிருந்து விலகிப் பின் அடுக்கின் கீழ்த்தட்டுக்கு வந்தது. சோப்பு, பினாயில், கொசு மருந்து எல்லாம் அறையைவிட்டே வெளியே போயின. மாவு, தானியம், கொட்டைகளுக்கு ரப்பர் வளையம் உள்ள மூடி கட்டாயம். உப்புக்கும் சர்க்கரைக்கும் அந்தக் கண்டிப்பு இல்லை.

எல்லா டப்பாவுக்கும் பெயரும் பிரித்த தேதியும் எழுதி ஒட்டினார்கள்.

பிறகு நடந்தது

சில வாரங்கள் கழித்து அந்துப்பூச்சி திரும்பவும் பறந்தது. இவ்வளவு வேலையும் பாழா என்று வீட்டில் எல்லோருக்கும் சோர்வு. பெண்பூச்சியின் வாசனை தடவிய ஒட்டுப்பொறி ஒன்றை வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்தார்கள். அதில் ஆண்பூச்சிகள் மட்டுமே சிக்கும். அதனால் பூச்சி ஒழியாது; எங்கே அதிகம் என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஸ்டோர் ரூமில் ஒன்றிரண்டுதான் விழுந்தன. டப்பாக்கள் எல்லாம் சுத்தம். பொறியைப் பிள்ளைகளின் அறைக்கு மாற்றியபோது ஒரே இரவில் நிறைய ஒட்டிக்கொண்டன. மகள் வளர்க்கும் குருவிகளுக்கான தீனிப் பை அங்கே அலமாரியின் அடியில், வாய் திறந்தபடி இருந்தது. பை முழுக்க நூலாம்படை. தானியமும் கொட்டையும் எங்கெங்கே இருக்கிறதோ அவ்வளவும் இந்தப் பூச்சிக்குச் சரக்கறைதான். வீட்டார் பார்வையில் குருவித் தீனி மளிகைக் கணக்கில் வரவே இல்லை. அதை அப்புறப்படுத்தி, புதிய தீனியை ஃப்ரீசரில் வைத்தெடுத்து, வளைய மூடி டப்பாவில் போட்ட பிறகு பொறியில் விழுவது நின்றது.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி நூல் பிடித்துப் பார்த்தேன். கனமான தட்டுகளில் தொய்வு 2 மி.மீ.க்குள். அறையின் ஈரப்பதமானி முன்பு 74 சதவீதம் காட்டியது. இப்போது 60-ஐ ஒட்டி நிற்கிறது. இதில் தட்டுகளுக்குப் பங்கில்லை, குளியலறை இடுக்கை அடைத்ததுதான் காரணம். உப்பு கட்டிபடுவதில்லை.

எழுதி ஒட்டிய தேதிகளில் பாதி நின்றுபோயிற்று. உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் பெயர் எதற்கு என்று அத்தை கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. இப்போது மாவு, கொட்டை, எண்ணெய் மூன்றுக்கு மட்டும் பிரித்த தேதி எழுதுகிறார்கள். சீக்கிரம் சிக்கடிக்கிறவை அவைதான், அதனால் அந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் லேபிள் என்ற ஏற்பாடு எந்த வீட்டிலும் நீடித்து நான் பார்த்ததில்லை.

இரட்டிப்பாக வாங்குவது குறைந்திருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது கணவன் ஸ்டோர் ரூம் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஒரே படத்தில் எல்லாப் பொருளும் தெரிகிறது. 60 செ.மீ. தட்டில் இது நடந்திருக்காது.

மறுபடி செய்வதானால்

அலுமினியத் தாள் சோதனையை முதல் நாளே செய்துவிட வேண்டும். இங்கே அளவெடுத்து, படம் வரைந்து, இடச் சுவரையும் சேர்த்துத் திட்டம் போட்ட பிறகுதான் ஈரம் தெரிந்தது. படத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பூச்சி தெரிந்தால் வீடு முழுவதும் தேட வேண்டும், ஒரே அறையில் நிற்கக் கூடாது. பலகைகளை மாட்டிய பிறகு பெயின்ட் அடிப்பதைவிட, மாட்டுவதற்கு முன்பே அடித்து வெளியே காயவைத்தால் இறுகுவதற்கான வாரங்கள் சுவர் வேலை நடக்கும்போதே கழிந்துவிடும்.

அரிசிப் பீப்பாய்க்கென்று விட்ட 45 செ.மீ. உயரம் வீணாகிக்கொண்டிருக்கிறது. பீப்பாய் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கிறது. மறுபக்கம் பைகளைத் தரையில் குவிக்கும் இடமாகிவிட்டது. அங்கே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று செய்ய உத்தேசம்.

கதவு உள்பக்கம் திறக்கிறது. திறந்தால் வலப்பக்கத்துச் சிறு தட்டுகளில் பாதி மறைகிறது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்வது அரை நாள் வேலை. முதலிலேயே செய்திருந்தால் வலச் சுவரில் 90 செ.மீ.க்குப் பதில் இன்னும் கொஞ்சம் நீளம் கிடைத்திருக்கும்.

இடச் சுவரை இன்னும் தொடவில்லை. கடைசியாக ஒட்டிய தாளில் சுவர்ப் பக்கம் நீர் முத்துகள் இல்லை, லேசான பனி மட்டும் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து மறுபடி ஒட்டிப் பார்த்து, இருபுறமும் காய்ந்திருந்தால் பூச்சு வேலை செய்து, அங்கேயும் 18 செ.மீ. தட்டு அடிப்பதாக இருக்கிறார்கள். அதுவரை கூடுதலாக எதுவும் வைக்க வேண்டுமென்றால், சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி நிற்கும் இரும்பு ரேக்தான்.